கடற்படைச் செய்தியாளர்

தருமபுரி மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. ஒகேனக்கலில் வீழும் காவிரியே அம்மக்கள் காணும் பெருநீர். ஆயினும், போர்ச் செய்தியைப் பதிந்து வைக்கும் பணி அம்மண்ணுக்குப் புதிதன்று. அங்கே நடுகற்கள் பல நிற்கின்றன. சில தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் பேணப்படுகின்றன. எம்மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டில், எவ்வூர் ஆநிரையை மீட்கும் பூசலில், எவ்வீரன் பட்டான் என்பதை அவற்றுட் பல சில வரிகளில் உரைக்கும். அவ்வரிகளைப் பொறித்தவரை அக்காலப் போர்ச் செய்தியாளர் எனலாம்.

இக்காலத்தில் அப்பணியை மேற்கொண்டோர் படைத்துறைச் செய்தியாளர் ஆவர். நம் நாட்டில் இதற்கு நெடிய வரலாறு உண்டு. 1909-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 2-ஆம் நாள், படைவீரர்க்கென அலகாபாத்தில் ‘பௌஜி அக்பர்’ என்னும் இதழ் தோன்றியது. 1954-இல் அது ‘சைனிக் சமாச்சார்’ எனப் பெயர் பெற்றது. தமிழ் உட்பட 13 மொழிகளில் வெளிவந்த சிறப்பும் அதற்கு உண்டு.

கடற்படைச் செய்தியாளரின் பணிகள் பல. அவர் கப்பலில் வீரரோடு உடனுறைந்து அவர்தம் வாழ்க்கையை அறிவார். போர்ப் பயிற்சியையும், புயலிற் சிக்கிய மீனவரை மீட்ட செயலையும் கட்டுரையாக எழுதுவார், வானொலியில் எடுத்துரைப்பார். மகனைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, உள்நாட்டுச் சிற்றூரில் காத்திருக்கும் தாய்க்கு அவர் சொல் ஆறுதலாகும்.

ஆயினும், அச்சொல்லில் ஓர் இடரும் உண்டு. வானொலிக்குக் கதவும் தாழும் இல்லை. தாய் கேட்கும் செய்தியைப் பகைவரும் கேட்பர். இதனை 1971-ஆம் ஆண்டுப் போர் நன்கு விளக்கும்.

அப்போரில், நம் விமானந்தாங்கிக் கப்பலாகிய விக்ராந்தைத் தேடிப் பாகிஸ்தானின் ‘காசி’ என்னும் நீர்மூழ்கிக் கப்பல் வங்கக் கடலுக்கு வந்தது. கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைவர் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் ஒரு சூழ்ச்சி செய்தார். விக்ராந்தை அந்தமான் பகுதிக்கு மறைவாக அனுப்பினார். ‘ராஜ்புத்’ என்னும் பழைய கப்பலை விசாகப்பட்டினத்திற்கு அப்பால் நிறுத்தி, விக்ராந்தே பேசுவதுபோலக் கம்பியில்லாத் தந்திச் செய்திகளை மிகுதியாக விடுக்கச் செய்தார். அவற்றுள் ஒன்று, நோயுற்ற தன் அன்னையின் நலம் வினவி மாலுமி ஒருவன் அனுப்பியது போன்ற செய்தி! டிசம்பர் 3-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, விசாகப்பட்டினத்துக்கு அருகே ‘காசி’ மூழ்கியது. அது மூழ்கிய காரணம் குறித்து இரு நாட்டாரும் வெவ்வேறாகக் கூறுவர். ஆனால், அன்னையின் நலம் வினவும் சிறு செய்தியும் கப்பலின் இருப்பிடத்தைக் காட்டிவிடக்கூடும் என்பது இதனால் விளங்கும். ஆகவே, கப்பல் எங்குள்ளது, எப்போது புறப்படும் என்பனவற்றைக் கூறாது காத்தல் செய்தியாளர்க்கு முதற் கடமையாகும்.

அங்ஙனமாயின், தீய செய்தி அனைத்தையும் மறைத்துவிடலாமோ? ஆகாது. அதே போரில், டிசம்பர் 9-ஆம் நாள், நம் ‘குக்ரி’ என்னும் போர்க்கப்பல் தையூக் கடற்பகுதியில் தாக்குண்டு மூழ்கியது. அதிகாரிகள் 18 பேரும் மாலுமிகள் 176 பேரும் உயிர் துறந்தனர். கப்பல் தலைவர் மகேந்திரநாத் முல்லா தம் கப்பலை விட்டு நீங்காது அதனோடு மூழ்கினார். இத்தகைய இழப்பை மறைத்தால், அவ்வீரரின் தியாகமும் மறைந்துபோம். வீட்டார்க்கு உண்மை உரைக்கப்படாவிடின், ஊரில் வதந்தியே அதனை உரைக்கும். பின்னர் வரும் நற்செய்தியையும் மக்கள் நம்பார்.

கூறாது விடுதல் வேறு. பொய் கூறுதல் வேறு. பகைவரை மயக்குதல் படைத்தலைவரின் போர்முறை. தம் மக்களை மயக்குதல் செய்தியாளர்க்கு ஒருபோதும் தகாது. வள்ளுவர் வாய்மைக்கும் சொல்வன்மைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். கடற்படைச் செய்தியாளர்க்கு இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும்.

நடுகல்லில் எழுத இடம் சிறிது. ஆதலின், இன்றியமையாதன மட்டுமே அதில் பொறிக்கப்பட்டன. நூற்றாண்டுகள் பல கடந்தும் அவ்வீரனின் பெயரை நாம் நம்பிக்கையோடு படிக்கின்றோம். அந்நம்பிக்கையைத் தம் சொல்லுக்குத் தேடிக்கொள்ளும் செய்தியாளரும் நாட்டைக் காப்பவரே ஆவர்.