அடித்தள விரிசல்

அடித்தள விரிசல் என்பது கட்டடத்தின் அடித்தளம் (கடைக்கால் அல்லது அஸ்திவாரம்) சீரற்று இறங்குவதாலோ எழும்புவதாலோ அதிலும் சுவர்களிலும் தோன்றும் பிளவு ஆகும்.

காரணங்கள்

கரிசல் மண்ணிலுள்ள மான்ட்மோரில்லோனைட் எனும் களிமண் கனிமம் நீரை ஏற்று உப்பும், உலர்ந்தால் சுருங்கும். இந்தியாவில் இம்மாற்றம் ஏறத்தாழ 3.5 மீட்டர் ஆழம் வரை நிகழ்வதாகக் கொள்ளப்படுகிறது. தேனி மாவட்டம் குச்சனூர் போன்ற கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில், முல்லைப் பெரியாற்றுப் பாசன நெல்வயல்களை ஒட்டிய மனைகளில் மண்ணின் ஈரம் பருவந்தோறும் மாறும். ஆகவே கட்டுமுன் மண் ஆய்வு அவசியமாகும். கழிவுநீர்க் குழாய்க் கசிவு, சரியாகக் கெட்டிக்கப்படாத நிரப்பு மண், சுவரருகிலுள்ள பெரிய மரங்கள் ஆகியனவும் காரணங்களாகும்.

கண்டறிதல்

பூச்சில் மட்டும் தோன்றும் மயிரிழை விரிசல்கள் பொதுவாக ஆபத்தற்றவை. சன்னல் மூலையிலிருந்து சாய்வாகச் செல்லும் விரிசல், கதவு இறுகுதல், தரை சாய்தல் ஆகியவை அடித்தள அசைவைக் குறிக்கலாம். விரிசலின் முனைகளில் தேதியுடன் குறியிட்டு, அகலத்தை மழைக்காலத்திலும் கோடையிலும் அளந்தால் அது வளர்கிறதா என்பது தெரியும்.

சீரமைப்பு

அசைவு நிற்குமுன் சிமெண்டால் அடைக்கப்படும் விரிசல் மீண்டும் திறக்கும். எனவே முதலில் கசிவை நிறுத்தி, மழைநீரைச் சுவரிலிருந்து விலக்க வேண்டும். அசைவு நின்ற கான்கிரீட் விரிசலில் எப்பாக்சி செலுத்தலாம். இறக்கம் தொடர்ந்தால், அடித்தளத்தின் கீழ் பகுதி பகுதியாகத் தோண்டிக் கான்கிரீட் இடும் அண்டர்பின்னிங் முறை பயன்படுகிறது. அடுத்தடுத்த பகுதிகளை ஒரே நேரத்தில் தோண்டினால் சுவர் சரியக்கூடும். ஆதலால் கட்டமைப்புப் பொறியாளரின் மேற்பார்வை இன்றியமையாதது.

புதிய வீடுகளுக்கு, ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்தியாவில் வளர்த்தெடுத்த, அடியில் குமிழுடைய தூண் அடித்தளம் கரிசல் மண்ணுக்கு ஏற்றதாகும். குமிழின் விட்டம் பொதுவாகத் தூணின் விட்டத்தைப் போல் 2.5 மடங்கு இருக்கும்.