ஸீரோவுக்கும் ஒரு பெயர் உண்டு



மேருவில் ஞாயிறுதோறும் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு வாசிப்பு வகுப்பு நடத்தி வருகிறேன். அமெரிக்க எழுத்தாளர் லூயிஸ் சாக்கர் எழுதி 1998-இல் வெளிவந்த ‘ஹோல்ஸ்’ நாவலை அங்கு கற்பிக்கிறேன். ‘குழிகள்’ என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் வாசித்து, தமிழில் கலந்துரையாடுவோம். அந்த அனுபவத்தை இம்மலர் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஸ்டான்லி என்னும் சிறுவன், தான் செய்யாத காலணித் திருட்டுக்காக 18 மாதங்கள் சீர்திருத்த முகாமுக்கு அனுப்பப்படுகிறான். வறண்டுபோன ஏரியில் நாளொன்றுக்கு ஐந்தடி ஆழமும் ஐந்தடி அகலமும் உள்ள குழியை ஒவ்வொருவனும் தோண்ட வேண்டும். அது குணத்தைச் சீராக்குமாம்! உண்மையில் முகாமின் தலைவி புதையல் தேடுகிறாள்.

அங்கே ‘ஸீரோ’ என்றழைக்கப்படும் ஒருவன் இருக்கிறான். அவன் மண்டையில் ஒன்றுமில்லை என்று ஆலோசகரே ஏளனம் செய்கிறார். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கணக்கிலோ கெட்டிக்காரன். ஸ்டான்லி அவனுக்குப் படிக்கக் கற்றுத் தருகிறான். கைம்மாறாக அவன் ஸ்டான்லியின் குழியில் ஒரு பகுதியைத் தோண்டித் தருகிறான்.

இந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தி, ஸீரோவைப் பற்றி இரண்டு வரி எழுதச் சொல்வேன். பிறகுதான் அவனுடைய பெயர் ஹெக்டர் என்பதும், வீடற்ற அவனே மதிப்பறியாமல் அந்தக் காலணிகளை எடுத்தவன் என்பதும் தெரியவரும். தாங்கள் எழுதியதை அப்போது மீண்டும் படிக்கச் சொல்வேன். பலர் அடித்துத் திருத்துவார்கள். பாடமே அதுதான்.

ஒரு முறை ஒரு மாணவன் மட்டும் எழுதவே இல்லை. வகுப்பு முடிந்ததும் அருகில் வந்து, “சார், எங்க அண்ணன் ஹென்றி கர்னியில இருக்கான். வெளிய வந்தா அவன எல்லாரும் என்னன்னு கூப்பிடுவாங்க?” என்றான். எனக்கு நா எழவில்லை.

மறுவாரம் சட்டத்தைப் படித்துவிட்டுச் சென்றேன். 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டோரின் வழக்குகள் பொதுமக்களுக்குத் திறந்திராத சிறார் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுகின்றன. பிள்ளையின் பெயரையும் படத்தையும் வெளியிடக் கூடாது. ‘குற்றத் தீர்ப்பு’, ‘தண்டனை’ என்ற சொற்களைக்கூட அங்கு பயன்படுத்தலாகாது. மலாக்கா, தெலுக் மாஸில் உள்ள ஹென்றி கர்னி பள்ளி சிறைத்துறையின் கீழ் இயங்கினாலும், அங்கு கைத்தொழில் பயிலவும் எஸ்.பி.எம். தேர்வு எழுதவும் வழியுண்டு.

இவற்றை அந்த மாணவனிடம் விளக்கினேன். ஆயினும் அவன் கேட்ட கேள்விக்குச் சட்டத்தில் விடையில்லை. சட்டம் சொல்லத் தயங்கும் சொற்களை நாம் திருமண வீட்டிலும் கோயில் வாசலிலும் தயங்காமல் சொல்கிறோம். ‘உள்ளே போய் வந்தவன்’ என்கிறோம்.

பெரியோர்களே, மறுவாய்ப்பு என்பது பெரும் நன்கொடை மட்டுமன்று. ஸ்டான்லியிடம் பொருள் ஏதுமில்லை. தினமும் சிறிது நேரம் உடனமர்ந்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தான். நம் வட்டாரத்துக்குத் திரும்பும் பிள்ளையிடம் அவ்வாறே அமர்வோம். வேலை தரக்கூடியவர்கள் வேலை தாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, பெற்றோர் இட்ட பெயரைச் சொல்லி அவனை அழையுங்கள்.