சுரங்கத்திலிருந்து வந்த முகம்

இடுங்கிய கண்கள், கோடு விழுந்த கன்னங்கள், பேச்சுக்கும் பஞ்சம். இப்படி ஒருவரைக் கதாநாயகனாகப் போடுவார்களா? சார்ல்ஸ் பிரான்சன் விஷயத்தில் ஹாலிவுட்டும் பல ஆண்டுகள் தயங்கியது. அடியாள், சிப்பாய் வேடங்களே அதிகம் கிடைத்தன.

1921-இல் பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றில், லித்துவேனியக் குடும்பத்தின் 15 பிள்ளைகளில் 11-ஆவதாகப் பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பாவை இழந்தார். பிறகு தாமும் சுரங்கத்தில் இறங்கினார். இரண்டாம் உலகப் போர்தான் அவரை அங்கிருந்து வெளியே கொண்டு வந்தது.

'தி கிரேட் எஸ்கேப்' (1963) படத்தில், தப்பிக்கச் சுரங்கப்பாதை தோண்டும் போர்க்கைதியாக வருவார். தோண்டுவதில் கெட்டிக்காரர்; ஆனால் அந்தக் குறுகலான இருட்டுக்குள் நடுங்கிப் போவார். முரட்டு மனிதர் பயப்படும்போது நமக்கும் நெஞ்சு பதைக்கிறது. அந்த இருட்டை அவர் நிஜத்திலேயே பார்த்தவர் அல்லவா!

அவரைக் கதாநாயகனாக முதலில் கொண்டாடியது ஐரோப்பா. இத்தாலியர்கள் 'அழகற்றவர்' என்றே செல்லப்பெயர் வைத்தார்கள். ஜப்பானில் 'மேண்டம்' என்ற ஆண்களுக்கான அழகுப் பொருள் விளம்பரத்தில் தோன்றினார். அமோக விற்பனை! நிறுவனமே 1971-இல் தன் பெயரை மேண்டம் என்று மாற்றிக்கொண்டது. இன்று நம் பையன்கள் தலைமுடிக்குப் பூசும் 'கேட்ஸ்பி'யும் அதே நிறுவனத்துடையதுதான்.

'டெத் விஷ்' (1974) அவரை அமெரிக்காவிலும் உச்ச நட்சத்திரமாக்கியபோது வயது 52. அழகுக்காக யாரும் அவரைப் பார்க்கவில்லை. உழைத்துக் களைத்த நம் வீட்டுப் பெரியவர்களின் முகச்சாயல் அவரிடம் இருந்தது. அதனால்தான் அவர் அதிகம் பேசாமலே ரசிகர்கள் அவரை நம்பினார்கள்.