ஓட்டியது கார், வழக்கு யார் மேல்?

2025 செப்டம்பரில், சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே உள்ள சான் புரூனோ என்ற ஊரில் போலீசார் வாகனச் சோதனையில் இருந்தார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களைப் பிடிப்பதற்கான வழக்கமான சோதனைதான். அவர்கள் கண்ணெதிரிலேயே ஒரு கார், திரும்பக் கூடாத இடத்தில் 'யு டர்ன்' போட்டுத் திரும்பியது. மடக்கினார்கள். கார் நல்ல பிள்ளையாக நின்றது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் ஓட்டுநர் இருக்கையில் ஆள் இல்லை. வேமோ நிறுவனத்தின் ரோபோ டாக்ஸி அது.

அபராதச் சீட்டை யார் பெயரில் எழுதுவது? அன்றைய கலிஃபோர்னியச் சட்டப்படி, இப்படிப்பட்ட குற்றத்துக்குச் சீட்டு வாங்க ஒரு மனித ஓட்டுநர் வேண்டும். தங்கள் சீட்டுப் புத்தகத்தில் ரோபோவுக்கென்று கட்டம் எதுவும் இல்லை என்று அந்த ஊர்க் காவல் துறை முகநூலில் எழுதியது. நிறுவனத்துக்குத் தகவல் சொன்னதோடு சரி.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய செய்திதான். ஆனால் ஓட்டுநர் இல்லாத கார் பற்றி இருபது ஆண்டுகளாக நடக்கும் பேச்சில் பெரும்பகுதி, கார் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஓட்டுகிறது என்பதையே சுற்றி வருகிறது. தவறு நடந்தால் பதில் சொல்ல வேண்டியது யார் என்பது மட்டும் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் புதிதாகக் கேட்கப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில் வருகிறது.

இந்தக் கதை ஒரு படுதோல்வியில் தொடங்கியது. 2004 மார்ச் 13 அன்று, அமெரிக்க ராணுவத்தின் ஆய்வு அமைப்பான டார்பா, மோஹாவே பாலைவனத்தில் ஆளில்லா வண்டிகளுக்கு ஒரு போட்டி வைத்தது. தூரம் சுமார் 230 கிலோமீட்டர், பரிசு 10 லட்சம் டாலர். கிளம்பிய 15 வண்டிகளில் ஒன்றுகூட எல்லையைத் தொடவில்லை. அதிகபட்சமாக ஓடிய கார்னகி மெலன் பல்கலைக்கழக வண்டி, 12 கிலோமீட்டர்கூட முடிக்காமல் ஒரு திருப்பத்தில் மண்மேட்டில் சிக்கி நின்றது. அடுத்த ஆண்டே 5 வண்டிகள் முழுத் தூரத்தையும் ஓடி முடித்தன. ஸ்டான்ஃபோர்டின் 'ஸ்டான்லி' ஏழு மணி நேரத்துக்குள் ஓடி 20 லட்சம் டாலரை வென்றது. அந்த அணிக்குத் தலைமை வகித்த செபாஸ்டியன் த்ரன் பின்னர் கூகுளுக்குப் போனார். 2009இல் அங்கே தொடங்கிய திட்டம்தான் இன்றைய வேமோ.

ஒன்றரை ஆண்டில் 12 கிலோமீட்டரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தாவிவிட்ட தொழில்நுட்பம், இன்னும் ஐந்தாண்டில் எங்கே போகும்? முதலீட்டாளர்கள் இந்தக் கணக்கைப் போட்டதில் ஆச்சரியம் இல்லை. 2017 முடிவதற்குள் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் வரை கார் தானே ஓடிவரும் என்று 2016இல் டெஸ்லாவின் தலைவர் எலான் மஸ்க் சொன்னார். 2020இல் பத்து லட்சம் ரோபோ டாக்ஸிகள் சாலையில் இருக்கும் என்று 2019 ஏப்ரலில் சொன்னார். டெஸ்லாவின் ரோபோ டாக்ஸி சேவை கடைசியில் டெக்சஸின் ஆஸ்டின் நகரில் தொடங்கியது 2025 ஜூனில். அதுவும் சில கார்களோடு, முன் இருக்கையில் நிறுவன ஊழியர் ஒருவர் உட்கார்ந்திருக்க. மஸ்கை மட்டும் சொல்லிப் பயனில்லை. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியிலேயே ஜெனரல் மோட்டார்ஸ், 1960இன் நெடுஞ்சாலை என்று தானாக ஓடும் கார்களின் மாதிரியைக் காட்டிக் கூட்டம் சேர்த்தது. அதே நிறுவனம் இந்த நூற்றாண்டில் 'குரூஸ்' என்ற ரோபோ டாக்ஸி முயற்சியில் 1,000 கோடி டாலருக்கு மேல் கொட்டி, 2024 டிசம்பரில் கையை உதறியது.

பாலைவனத்தைத் தாண்டிய வண்டி ஊருக்குள் ஏன் திணறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள மெட்ரோ ரயிலைப் பார்த்தால் போதும். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு வந்திருப்பவை ஓட்டுநர் இல்லாமல் ஓடும்படி வடிவமைக்கப்பட்ட ரயில்கள். யாரும் பெரிதாகப் பதறவில்லை. தண்டவாளத்தின் குறுக்கே பந்தை விரட்டிக்கொண்டு ஒரு சிறுவன் ஓடிவரப் போவதில்லை, பின்னாலிருந்து யாரும் முந்தப் போவதில்லை. சாலையில் அப்படி இல்லை. கேமரா, ரேடார், லேசர் ஒளியை வீசி தூரத்தை அளக்கும் லைடார் என்று காருக்குக் கண்கள் ஏராளம். எதிரே ஏதோ இருக்கிறது என்று அது பெரும்பாலும் கண்டுகொள்ளும். அது என்ன, அடுத்த இரண்டு விநாடியில் எந்தப் பக்கம் போகும் என்று ஊகிப்பதில்தான் சிக்கல். நடைபாதை ஓரத்தில் நிற்பவர் பேருந்துக்குக் காத்திருக்கிறாரா, சாலையைக் கடக்கப் பார்க்கிறாரா என்று நாம் ஒரு தலையசைப்பில் தெரிந்துகொள்கிறோம். ஆஸ்திரேலியாவில் சோதித்தபோது வோல்வோவின் கருவிகளைக் குழப்பியது கங்காரு. துள்ளலில் காலைத் தரையிலிருந்து எடுத்ததும் தள்ளிப் போனதுபோலவும், இறங்கியதும் கிட்டே வந்ததுபோலவும் கருவிக்குத் தெரிந்ததாம்.

அரிசோனாவின் டெம்பி நகரில் 2018 மார்ச் 18 இரவு நடந்ததில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் குறுக்கே கடந்தார். பாதசாரிகள் கடக்கும் இடம் அல்ல அது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பின்னர் காரின் பதிவுகளை விநாடி விநாடியாகப் பிரித்துப் பார்த்தது. மோதலுக்கு 5.6 விநாடி முன்பே கார் அவரைக் கண்டுகொண்டுவிட்டது. முதலில் 'வாகனம்' என்று நினைத்தது. அப்புறம் 'வேறு ஏதோ'. திரும்ப 'வாகனம்'. கடைசியில் 'சைக்கிள்'. பெயரை மாற்றிய ஒவ்வொரு முறையும், அந்த உருவம் அதுவரை எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதைக் கணக்கிலிருந்து அழித்துவிட்டு முதலிலிருந்து ஊகிக்கத் தொடங்கியது. கடக்கும் இடம் அல்லாத இடத்தில் மனிதர் கடப்பார் என்ற எண்ணமே அதன் நிரலில் இல்லை. மோதல் நிச்சயம் என்று 1.2 விநாடி இருக்கும்போது தெரிந்தது. அப்போதும் உடனே பிரேக் போடவில்லை. காரணமில்லாமல் கார் திடீர் திடீரென்று நின்றுவிடக் கூடாது என்பதற்காக, அபாயம் தெரிந்த பின்னும் ஒரு விநாடி பொறுத்திருக்கும்படி அதை அமைத்திருந்தார்கள். வோல்வோ தயாரித்த அந்தக் காரோடு வந்த அவசர பிரேக் வசதியையும், கணினி ஓட்டும்போது வேலை செய்யாதபடி நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்தப் பெண் இறந்துபோனார்.

காரில் ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் இருந்தார். கார் தவறினால் கையில் எடுப்பதற்காக அமர்த்தப்பட்டவர். பயணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம் அவர் பார்வை சாலையில் இல்லை. கைபேசியில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. நிறுவனத்தின் மேல் குற்ற வழக்குப் போட ஆதாரமில்லை என்று அரசு வழக்கறிஞர் அலுவலகம் 2019இல் முடிவு செய்தது. அந்த ஊழியர் மேல் வழக்கு நடந்தது. 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு மூன்று ஆண்டு கண்காணிப்புத் தண்டனை கிடைத்தது.

அவர் செய்தது தப்பில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் புதிதாக வண்டி பழகுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். முதல் நாள் கால் பரபரக்கும். பத்தாம் நாள் ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவோம். நூறு முறை சரியாக ஓட்டிய இயந்திரத்தை நூற்று ஒன்றாம் முறையும் கண்கொட்டாமல் காவல் காப்பது, தானே ஓட்டுவதைவிடக் கடினமான வேலை.

இன்று ஷோரூமில் 'தானே ஓட்டும்' என்ற பேச்சோடு விற்கப்படும் கார்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். வாகனப் பொறியாளர்கள் தானியக்கத்தை 0 முதல் 5 வரை நிலைகளாகப் பிரிக்கிறார்கள். 2ஆம் நிலையில் காரே ஸ்டீயரிங்கைத் திருப்பும், வேகத்தைக் கூட்டும், குறைக்கும்; பொறுப்பு முழுவதும் ஓட்டுநருடையது. 4ஆம் நிலையில் குறிப்பிட்ட ஊர், குறிப்பிட்ட சாலை என்ற எல்லைக்குள் மனிதரே வேண்டாம். வேமோ டாக்ஸி இந்த 4ஆம் நிலை. டெஸ்லா சொந்தக்காரர்கள் வீட்டில் நிறுத்தியிருப்பது 2ஆம் நிலை, அதன் பெயர் 'ஆட்டோபைலட்', 'முழுத் தானோட்டம்' என்று என்னவாக இருந்தாலும். பெயரைக் கேட்டால் 4, விதிமுறையைப் படித்தால் 2. அந்த இடைவெளியில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். 2016இல் ஃபுளோரிடாவில் பளிச்சென்ற வானத்துக்கு எதிரே குறுக்கிட்ட வெள்ளை டிரெய்லரைக் காரும் கவனிக்கவில்லை, காரை நம்பியவரும் கவனிக்கவில்லை. அதே மாநிலத்தில் 2019இல், கீழே விழுந்த கைபேசியைக் குனிந்து எடுத்த ஓட்டுநரின் டெஸ்லா, சாலை முடிவில் நின்ற வண்டியில் மோதி ஓர் இளம்பெண் இறந்தார். அந்த வழக்கில் 2025 ஆகஸ்டில் மயாமி நடுவர் குழு பொறுப்பில் மூன்றில் ஒரு பங்கை டெஸ்லா மேல் வைத்து, 24.3 கோடி டாலர் தரச் சொன்னது. ஓட்டுநர்தான் முழுப் பொறுப்பு என்ற பழைய பாட்டு அங்கே எடுபடவில்லை.

மனிதரை முழுவதுமாக இறக்கிவிட்டால் பிரச்சினை தீருமா? 2023 அக்டோபர் 2 இரவு சான் பிரான்சிஸ்கோவில், மனிதர் ஓட்டிய ஒரு கார் சாலையைக் கடந்த பெண்ணை இடித்து, பக்கத்துத் தடத்தில் வந்த குரூஸ் காரின் முன்னால் தூக்கி எறிந்தது. குரூஸ் கார் பிரேக் போட்டும் அவர் மேல் ஏறியது. அதுவரை நடந்ததற்கு எந்த ஓட்டுநரையும் குறை சொல்வது கடினம். ஆனால் விபத்துக்குப் பின் ஓரம் கட்ட வேண்டும் என்ற விதிப்படி, அடியில் ஆள் கிடப்பது தெரியாமல், கார் அவரை ஆறு மீட்டர் இழுத்துக்கொண்டு போய் ஓரம் கட்டியது. வண்டிக்கு அடியில் ஒரு மனிதர் இருக்கக்கூடும் என்று தெரிந்துகொள்ள நமக்கு லைடார் தேவையில்லை. இழுத்துச் சென்ற அந்தப் பகுதியை அதிகாரிகளிடம் ஒழுங்காகச் சொல்லாததுதான் குரூஸைச் சாய்த்தது. மூன்றே வாரத்தில் மாநிலம் உரிமத்தை நிறுத்தியது. பொய்யான அறிக்கைக்காக நிறுவனம் பிறகு 5 லட்சம் டாலர் அபராதமும் கட்டியது.

எதிர்த்தரப்பில் வேமோவின் கணக்கு இருக்கிறது. அதை அலட்சியமாக ஒதுக்க முடியாது. சுவிஸ் ரீ காப்பீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், ஓட்டுநர் இல்லாமல் ஓடிய சுமார் 4 கோடி கிலோமீட்டரில், மனிதர்கள் ஓட்டும் கார்களோடு ஒப்பிட்டால் காயத்துக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகள் 92 சதவீதமும், பொருள் சேதக் கோரிக்கைகள் 88 சதவீதமும் குறைவு. குடிக்காத, தூங்காத, கைபேசியை நோண்டாத ஓட்டுநர் என்பது வெறும் விளம்பர வாசகம் இல்லை என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் ஆய்வில் நிறுவனத்தின் சொந்த ஆட்களும் இருக்கிறார்கள்; அந்த எண்கள் வேமோ ஓடும் ஊர்களுக்கு, அந்த வெயிலுக்கு, அந்த வரைபடத்துக்குப் பொருந்துபவை. உயிரிழப்பு பற்றி அவை சொல்வது இன்னும் குறைவு. அமெரிக்காவில் மனிதர்கள் ஓட்டும் வண்டிகளில் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டருக்கு ஒரு மரணம் நிகழ்கிறது. அந்த விகிதத்துக்குக் குறையாத பாதுகாப்பு என்று நிரூபிக்கவே ஒரு மரணமும் இல்லாமல் 44 கோடி கிலோமீட்டர் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016இல் கணக்குப் போட்டது. நூறு கார்களை இரவு பகலாக ஓட்டினாலும் பன்னிரண்டரை ஆண்டு பிடிக்கும். வேமோ 16 கோடி கிலோமீட்டரைத் தொட்டது 2025 ஜூலையில்தான்.

'விபத்துகளில் 94 சதவீதம் மனிதத் தவறால்' என்ற வாசகத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தத் துறையின் மேடைப் பேச்சுகளில் அது தவறாமல் வரும். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வு சொன்னது, விபத்துச் சங்கிலியின் கடைசிக் கண்ணி பெரும்பாலும் ஓட்டுநர் என்று மட்டுமே. சாலை வடிவம், வெளிச்சம், வேக வரம்பு எல்லாம் அதே சங்கிலியில்தான் இருக்கின்றன. விமர்சனம் எழுந்த பிறகு 2022இல் அந்த வாசகத்தை அமைப்பு தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. மேடைகளிலிருந்து அது இன்னும் இறங்கவில்லை.

ஒரு கார் கற்றுக்கொண்டதை எல்லாக் கார்களும் கற்றுக்கொள்ளும் என்பது இந்த நிறுவனங்கள் பெருமையோடு சொல்லும் இன்னொன்று. உண்மைதான். அதற்கு மறுபக்கமும் உண்டு. 2023 டிசம்பரில் ஃபீனிக்ஸ் நகரில் ஒரு பிக்கப் லாரியைப் பின்பக்கமாக இழுத்துப் போனார்கள். அது இரண்டு தடங்களின் மேல் சாய்வாக ஊர்ந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு காட்சியைப் பார்த்திராத வேமோ கார், அது போகும் திசையைத் தப்பாகக் கணித்து இடித்தது. இழுத்தவர் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார். சில நிமிடங்களில் இன்னொரு வேமோ கார் வந்து அதே லாரியை, அதே காரணத்தால் இடித்தது. மனிதர்களில் ஒருவர் கண்ணசந்தால் அடுத்தவர் விழித்திருப்பார். இங்கே எல்லாக் கார்களுக்கும் ஒரே மூளை. நிறுவனம் மென்பொருளைத் திருத்தி, 444 கார்களை மீட்டழைத்ததாகக் கணக்குக் காட்டியது.

இந்தியாவுக்கு இந்தக் கார் வருமா என்று கேட்டால், மத்தியப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2017இலேயே வராது என்று சொல்லிவிட்டார். பிறகும் திரும்பச் சொன்னார். அவர் சொன்ன காரணம் பாதுகாப்பு இல்லை, ஓட்டுநர்களின் வேலை. கலிஃபோர்னிய நிறுவனங்களின் மேடைப் பேச்சில் அவ்வளவாக அடிபடாத சொல் அது.

சான் புரூனோ போலீசாரின் சிக்கலுக்கு அந்த மாநிலம் ஒரு வழி செய்திருக்கிறது. 2024இல் நிறைவேறிய சட்டப்படி, 2026 ஜூலை முதல் ஓட்டுநர் இல்லாத கார் விதியை மீறினால் போலீசார் நிறுவனத்தின் பெயரில் ஓர் அறிவிப்பு கொடுக்கலாம். நிறுவனம் அதை மோட்டார் வாகனத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதே 'யு டர்ன்' போட்டு மாட்டும் மனிதருக்குக் கையில் கிடைப்பது அபராதச் சீட்டு.