குளத்து விராலுக்கு ரப்பர் தவளை!

வழக்கமாக ஜூன் முதல் தேதி பேச்சிப்பாறை அணை திறக்கும். கன்னிப்பூ நடவுக்காகத் திறந்த தண்ணீர்தான். ஆனால் சானல் வழியாக அது குளங்களுக்குள் இறங்கிய சில நாளிலேயே கரையோரம் தூண்டில்காரர்கள் வந்துவிடுவார்கள். மூன்று மாதம் சேற்றிலும் குட்டத்திலும் ஒடுங்கிக் கிடந்த விரால், புதுத் தண்ணீர் வந்ததும் பசியோடு மேலே வரும் என்பது நாஞ்சில் நாட்டில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

முன்பெல்லாம் கையில் ஒரு மூங்கில் கம்பு, தங்கூசி நரம்பு, தக்கை, டப்பாவில் மண்புழு. இப்போது இளைஞர்கள் ராடும் ரீலும் ரப்பர் தவளையுமாக வருகிறார்கள். அந்த ரப்பர் தவளை முதலில் நம்முடைய விராலுக்காகச் செய்யப்பட்டது அல்ல. அமெரிக்கக் குளங்களில் பாசிக்குள் பதுங்கியிருக்கும் 'பாஸ்' என்ற மீனைப் பிடிக்க அங்கே புழக்கத்தில் வந்தது. பாஸும் விராலைப் போலவே பதுங்கிக் கிடந்து பாய்கிற மீன். அதனால் அங்கே பலித்த தூண்டில் இங்கேயும் பலிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், விரால் இனத்து மீன் ஒன்று 2002-ல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துக் குளம் ஒன்றில் கிடைத்தபோது, அங்குள்ள மீன்களை அழித்துவிடும் என்று பயந்து அந்தக் குளத்துக்கே மருந்து ஊற்றிவிட்டார்கள். அதே ஆண்டு விரால் இனங்களை அந்த நாட்டுக்குள் கொண்டுவரவும் தடை போட்டார்கள். இங்கே தெலங்கானாவிலோ விரால்தான் மாநில மீன்!

விராலின் குணம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. தலைக்குள் காற்றை வைத்துக்கொள்ளும் அறை இருக்கிறது. அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்று குடிக்காவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். தூண்டில்காரர் பார்க்க வேண்டியது இதைத்தான். குளத்தில் கால் வைப்பதற்கு முன் பத்து நிமிடம் கரையில் சும்மா நிற்க வேண்டும். தாமரை இலைகளுக்கு நடுவே 'பொளக்' என்று சத்தம் கேட்டு வட்டம் விரிந்தால், அங்கே விரால் இருக்கிறது. மறுபடி எங்கே மூச்சு எடுக்கிறது என்று பார்த்தால், எந்தப் பக்கம் நகர்கிறது என்பதும் தெரியும்.

நடுக்குளத்தில் விராலைத் தேடுவது வீண். சம்பும் கோரையும் முளைத்த ஓரம், தாமரைப் படர்ப்பின் விளிம்பு, மடைக்குப் பக்கத்தில் தண்ணீர் ஓடும் வாய், சாய்ந்து கிடக்கும் தென்னந்தடி என்று ஒளிய இடம் உள்ள பக்கம்தான் அது கிடக்கும். விடியற்காலையும் மாலை நான்கரைக்குப் பிறகும் நல்ல நேரம். மூடாக்கான நாளில் பகல் முழுவதும் கடிக்கும். உச்சி வெயிலில் நின்றால் முதுகு கருக்கும், வேறு லாபமில்லை.

தூண்டில் எப்படி இருக்க வேண்டும்?

தாமரைக் குளத்தில் ரப்பர் தவளைக்கு நிகர் இல்லை. காரணம், அதன் இரட்டை முள் தவளையின் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும். இலைமேல் இழுத்தாலும் பாசியில் சிக்காது. மீன் வாயை மூடி ரப்பரை அமுக்கும்போதுதான் முள் வெளியே வரும். கடையில் வாங்க முடியாதவர்கள் பழைய ஹவாய் செருப்பின் ரப்பரைச் செதுக்கிச் செய்து பார்க்கலாம். மிதக்க வேண்டும், முள்ளின் நுனி ரப்பரோடு ஒட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ராட் ஆறரை முதல் ஏழு அடி, கொஞ்சம் விறைப்பானது. நுனி வளைந்து நெளியும் மெல்லிய ராட் கெண்டைக்குச் சரி. விராலைத் தாமரைத் தண்டுக்குள்ளிருந்து இழுக்க ஆகாது. ரீல் 2500 அல்லது 3000 அளவு. நரம்பில் சிக்கனம் பார்க்கக் கூடாது. தங்கூசி ரப்பரைப் போல நீளும். இருபது அடிக்கு அப்பால் மீன் கடித்தால் இங்கே இழுக்கிற இழுப்பு அங்கே போய்ச் சேராது. பின்னல் நரம்பு, அதாவது பிரெய்டு, நீளாது. 30 முதல் 40 பவுண்டு தாங்குவது போதும். விலை கூடுதல்தான். ஆனால் மலிவான ரீலும் நல்ல பிரெய்டுமாகப் போகிறவர், நல்ல ரீலும் மட்டமான நரம்புமாகப் போகிறவரைவிட அதிக மீனோடு திரும்புவார்.

பிரெய்டு வழுக்கும் என்பதால் சாதாரண முடிச்சு அவிழ்ந்துவிடும். நரம்பை இரண்டாக மடித்து அந்த மடிப்பை முள்ளின் கண் வழியே நுழைக்க வேண்டும். மடித்த நரம்பாலேயே ஒரு தளர்வான முடிச்சுப் போட்டு, மிஞ்சிய வளையத்துக்குள் தவளையை முழுக்க நுழைத்து எடுத்து, எச்சில் தொட்டு இறுக்க வேண்டும். ஈரம் இல்லாமல் இறுக்கினால் நரம்பு சூடேறி அந்த இடத்திலேயே பலவீனப்படும்.

தவளையை மீன் மூச்சு எடுத்த இடத்தின் தலையிலேயே போடக் கூடாது. ஐந்தாறு அடி தாண்டிப் போட்டு, அந்த இடம் வழியாக வருமாறு இழுக்க வேண்டும். இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். நிஜத் தவளையும் நின்று நின்றுதான் நீந்தும். இலை முடிந்து தண்ணீர் தெரியும் இடத்தில் நிறுத்தினால், பெரும்பாலும் அங்கேதான் அடி விழும்.

அடி விழுந்ததும் எல்லோரும் செய்வது, அதே நொடியில் இழுத்துவிடுவது. தவளை மட்டும் பறந்து முகத்துக்கு வரும். விரால் முதலில் தவளையைக் கவ்வும், பிறகுதான் உள்ளே வாங்கும். மனசுக்குள் 'ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணி, நரம்பு இறுகுவது கையில் தெரிந்த பிறகு ராடை மேலே தூக்கி இழுக்க வேண்டும். தூக்கியதும் தளர விடக் கூடாது. தண்டைச் சுற்றிவிட்டால் மீனும் போச்சு, தவளையும் போச்சு.

உயிருள்ள தவளையை முள்ளில் குத்துகிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. வயலில் இருக்கும் தவளை பூச்சியைத் தின்று பயிரைக் காப்பது. தவளைக்கால் ஏற்றுமதிக்கு இந்தியா 1987-லேயே தடை போட்டது. அரை ஏக்கர் நெல் வைத்திருக்கிறவர் தன் வயல் வேலைக்காரனைத் தானே முள்ளில் குத்துவானேன்?

ரீல் இல்லாதவர்களுக்குப் பழைய மூங்கில் கம்பு போதும். சிலேபிக்கும் கெண்டைக்கும் சிறிய முள், மெல்லிய நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை. முள்ளின் எண் கூடினால் முள் சிறியது என்பதைக் கடையில் மறந்துவிட வேண்டாம். இரைக்கு மண்புழு அல்லது அவித்த மரச்சீனியைப் பிசைந்த உருண்டை. கொஞ்சம் பிண்ணாக்குத் தூள் சேர்த்தால் தண்ணீரில் மணம் பரவும். ஆனால் குளக்கரையைத் தோண்டி மண்புழு எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பொத்தல் வழியாகத்தான் ஐப்பசி மழையில் கரை உடையும். தென்னந்தோப்பு ஓடையில் எடுத்துக்கொள்ளலாம்.

சிவப்புக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால்...

மழை மாதங்களில் குளத்தோரம் தண்ணீர் சிவந்து கொதிப்பதுபோலத் தெரியும். ஆயிரக்கணக்கான விரால் குஞ்சுகள் ஒரே பந்தாக மூச்சு எடுக்க மேலே வந்து போகும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். செடியை ஒதுக்கி வட்டமாகக் கூடு கட்டி, மிதக்கும் முட்டைகளைக் காத்து, குஞ்சுகள் தனியாகப் பிழைக்கும் வரை பல நாள் கூடவே திரியும் மீன் அது.

அந்தப் பந்தின் நடுவே தவளையைப் போட்டால் தாய் மீன் கட்டாயம் அடிக்கும். அது பசியில் அடிப்பது அல்ல. குஞ்சைக் காக்க அடிப்பது. ஆகவே இது தூண்டில்காரனின் திறமை ஒன்றும் இல்லை. இதைப் படம் பிடித்துப் பெருமையாகக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். காவல் போன அரை நாளில் சிலேபியும் கெளுத்தியும் குறவையும் கொக்கும் அந்தக் கூட்டத்தைத் தின்று தீர்த்துவிடும். ஒரு கிலோ மீனுக்காக அந்த மூலையின் அடுத்த வருட விரால் முழுவதும் போய்விடுகிறது.

கோடையில் இன்னொரு அழிவு. பிப்ரவரி கடைசியில் அணை மூடியதும் குளம் வற்றி, மிஞ்சிய குட்டத்தில் எல்லா மீனும் ஒதுங்கும். ஈரம் காயாத வரை விரால் சேற்றுக்குள்ளேயே உயிரோடு கிடக்கும். அடுத்த ஜூனில் குளத்தை நிரப்பப்போவது அந்த மிச்சம்தான். குட்டத்தை இறைத்து, சேற்றைக் கிளறி, கடைசிக் குஞ்சு வரை அள்ளிய குளத்தில் பிறகு 'மீனே இல்லையே' என்று தூண்டிலோடு நின்று பயனில்லை. ஒரு குட்டத்தையாவது தொடாமல் விடும் ஊர்க்கட்டுப்பாடு இருக்கிற இடத்தில் நாட்டு மீன் இன்னும் கிடைக்கிறது.

மருந்து கலக்கியும் வெடி போட்டும் மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். மின்சாரம் பாய்ச்சுகிறவர்கள் மீனோடு தங்கள் உயிரையும் பணயம் வைக்கிறார்கள். ஆனால் குளத்து மீனைச் சாகடிப்பது அவர்கள் மட்டும் அல்ல. சைபர்மெத்ரின், லாம்ப்டா சைஹலோத்ரின் போன்ற மருந்துகள் மீனுக்கு மிகக் கொடிய நஞ்சு. கும்பப்பூ வயலில் அடித்துவிட்டு டேங்கைச் சானலில் கழுவினால் அது நேராகக் குளத்துக்குத்தான் போகும். வயல் ஓரம் ஒரு குழியில் கழுவி, மருந்து அடித்த வயலின் தண்ணீரைச் சில நாள் வடிக்காமல் நிறுத்தி வைப்பது பெரிய சிரமம் இல்லை.

எங்கே பிடிக்கலாம், எங்கே கூடாது?

பெரும்பாலான குளங்களில் மீன்பாசி குத்தகை உண்டு. தாமரைக்குத் தனிக் குத்தகையும் இருக்கலாம். தாமரைக் கொடியை மிதித்துக் கெடுத்துவிட்டுத் தூண்டில் போட்டால் சண்டைதான் வரும். கேட்டுவிட்டுப் பிடிப்பது மரியாதை. பல இடங்களில் கேட்டால் விடவும் செய்வார்கள். கட்லா, ரோகு குஞ்சு விட்டிருக்கும் குத்தகைதாரருக்கு விரால் ஒரு தொல்லை. 'விராலை மட்டும் எடுத்துக்கோ, கெண்டை விழுந்தா விட்டுடு' என்று சொல்லிவிடுவார்.

தேரூர், சுசீந்திரம் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஈரநிலங்கள். வலசைப் பறவைகள் வரும் இடம். அங்கே வனத்துறையிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. எந்தக் குளமானாலும் அறுந்த நரம்பைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பிரெய்டு மக்காது, நாரையின் காலில் சுற்றினால் அதோடு அதன் கதை முடிந்தது.

பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் காயலில் கொடுவாய் உண்டு. அதுதான் ஆசியாவின் 'பாஸ்' என்று பெயர் பெற்றது. அதன் செவுள் மூடி கத்தியைப் போல் நரம்பை அறுக்கும் என்பதால் நுனியில் இரண்டடிக்குத் தடித்த தங்கூசி கட்ட வேண்டும். கையை அங்கே விடவும் கூடாது. கொடுவாய் முதலில் ஆணாக வளர்ந்து, பல ஆண்டு கழித்துப் பெண்ணாக மாறும். ஆகவே மிகப் பெரியதாகக் கிடைப்பது அனேகமாக முட்டையிடும் மீனாக இருக்கும். நடுத்தர அளவு மீனே சாப்பாட்டுக்கும் ருசி.

ஐப்பசி, கார்த்திகையில் மாலை இடி வரும். கார்பன் ராட் மின்சாரத்தைக் கடத்தும். முதல் முழக்கம் கேட்டதும் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு நகர்ந்துவிட வேண்டும். சானல் மேலே போகும் மின்கம்பியையும் வீசுவதற்கு முன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்களின் கேள்வி

'விடாமலே குட்டையில் விரால் வந்துவிட்டது, என்ன செய்வது?' என்று குட்டை வைத்திருக்கும் விவசாயிகள் அடிக்கடி கேட்பதுண்டு. மழை இரவில் விரால் ஈரத் தரையில் நெளிந்தே அடுத்த தண்ணீருக்குப் போகும். தண்ணீர் வரும் குழாய் வழியாகக் குஞ்சாகவும் வரும். வரும் வாயில் கண்ணி சிறிதான நைலான் வலை கட்டினால் குறையும். ஏற்கெனவே வந்துவிட்டால், கெண்டைக் குஞ்சு விடுவதற்கு முன் ஒரு வாரம் தினமும் தூண்டில் போட்டுப் பெரியதை எடுத்துவிட வேண்டும். விடும் குஞ்சும் விரலளவுக்கு மேல், நான்கு அங்குலமாவது இருக்கட்டும். மிஞ்சியிருக்கும் சிறிய விராலின் வாய்க்கு எளிதில் அடங்காத அளவு அது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை மட்டும் யார் சும்மா கொடுத்தாலும் வாங்கிவிடக் கூடாது. வளர்க்கத் தடை உள்ள மீன், வெள்ளத்தில் தப்பினால் ஊர்க் குளத்தில் வேறு எதையும் மிச்சம் வைக்காது.

பிடித்த விராலின் உடம்பில் சிவந்த குழிப்புண் இருந்தால் அது 1988-ல் இந்தியாவுக்குள் வந்த செம்புண் நோயாக இருக்கலாம். குளிர்ந்த மாதங்களில் கூடுதலாகத் தெரியும். அந்த மீனையோ அந்தத் தண்ணீரையோ வேறு குளத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டு, குட்டைக்கு எவ்வளவு சுண்ணாம்பு இட வேண்டும் என்பதைத் தண்ணீரின் கார அமில நிலை பார்த்து மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். போகும்போது ஒரு பாட்டிலில் குட்டைத் தண்ணீரையும் எடுத்துப் போனால் இரண்டாவது நடை மிச்சம்.