நாலு மூலையும் சரியாக வந்தால் போர்வை தயார்!

சிதம்பரத்தில் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்.

நேர் வீதியில் தேர் விறுவிறு என்று போகும். மூலை வந்ததும் நின்று விடும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவார்கள். வடத்தை மாற்றிப் பிடிப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார்கள். கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி. ஒரு வீதியில் இருந்து அடுத்த வீதிக்குத் திரும்பும்போது எல்லாம் அதிக நேரம், அதிக உழைப்பு!

குரோஷா பின்னலில் சதுரம் போடுவதும் இப்படித்தான். நடுவில், கோவில் மாதிரி ஒரு வளையம். அதைச் சுற்றி, வீதி மாதிரி பின்னல். மூலையில் மட்டும் கூடுதலாகப் பின்ன வேண்டும். இந்த ரகசியம் தெரிந்து விட்டால், சதுரம் கைக்கு வந்து விடும்.

இரண்டே சாமான்

வேண்டியது ஒரு கொக்கி ஊசி. ஒரு உருண்டை உல்லன் நூல். பேன்சி கடையில் இரண்டும் கிடைக்கும்.

புதிதாகக் கற்பவர்களுக்கு 4 மில்லி மீட்டர் ஊசி ஏற்றது. நூல் வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பு நூலில் கண்ணி தெரியாது. லேஸ் பின்னும் மெல்லிய நூலைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.

சங்கிலியும் தூணும்

முதலில் நூலில் ஒரு சுருக்குப் போட்டு, ஊசியில் மாட்ட வேண்டும். கொக்கியால் நூலைப் பிடித்து, சுருக்கின் வழியாக இழுத்தால் ஒரு சங்கிலி. மறுபடி இழுத்தால் இரண்டு. முதல் நாள் முழுவதும் இதையே பின்னிப் பழகலாம். இறுக்கிப் பிடிக்கக் கூடாது. இறுக்கினால் ஊசி உள்ளே நுழையாது.

அடுத்தது தூண். தையல் வகுப்பில் இதை 'டிரெபிள்' என்பார்கள்.

ஊசியின் மேல் நூலை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பின்ன வேண்டிய இடத்தில் ஊசியை விட்டு, நூலை இழுக்க வேண்டும். இப்போது ஊசியில் 3 கண்ணி இருக்கும். மறுபடி நூலைப் பிடித்து, 2 கண்ணி வழியாக இழுக்க வேண்டும். மீதி 2 கண்ணி. இன்னொரு முறை நூலைப் பிடித்து, அந்த இரண்டின் வழியாகவும் இழுக்க வேண்டும். மீதி ஒன்று. தூண் முடிந்தது!

சதுரம் பிறக்கிறது

4 சங்கிலி பின்னி, முதல் சங்கிலியோடு இணைத்தால் வளையம் கிடைக்கும்.

முதல் சுற்று: 3 சங்கிலி பின்ன வேண்டும். இதை ஒரு தூணாகக் கணக்கு வைக்க வேண்டும். வளையத்துக்குள் இன்னும் 2 தூண். ஆக மூன்று தூண் சேர்ந்தது ஒரு கட்டு. பிறகு 2 சங்கிலி. அதுதான் மூலை. இப்படி 4 கட்டு, 4 மூலை பின்னி, தொடங்கிய சங்கிலியின் உச்சியில் இணைக்க வேண்டும்.

இரண்டாவது சுற்று: பக்கத்துத் தூண்களின் தலையில் ஊசியை விட்டு இழுத்தபடியே நகர்ந்து, மூலைக்கு வர வேண்டும். ஒவ்வொரு மூலை இடைவெளியிலும் ஒரு கட்டு, 2 சங்கிலி, மறுபடி ஒரு கட்டு. ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் நடுவே 1 சங்கிலி. (எந்தச் சுற்றிலும் முதல் தூணுக்குப் பதில் 3 சங்கிலிதான்.)

மூன்றாவது சுற்று: மூலையில் முன் போலவே இரண்டு கட்டு. பக்கத்தில் உள்ள இடைவெளியில் ஒரே ஒரு கட்டு. கட்டுக்கும் கட்டுக்கும் நடுவே 1 சங்கிலி.

நான்காவது சுற்றும் அதே மாதிரிதான்.

கணக்கு எளிது. சுற்றுக்குச் சுற்று 4, 8, 12, 16 கட்டு. எண்ணிக்கை தவறினால், ஏதோ ஒரு மூலை விட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

மூலையில் கட்டு குறைந்தால் பின்னல் கிண்ணம் போலக் குவியும். அதிகமானால் பாவாடைச் சுருக்கம் போல நெளியும். கவலை வேண்டாம்! நூலை இழுத்தால் பின்னல் பிரிந்து விடும். அதே நூலில் மறுபடி பின்னலாம். துணியை வெட்டிக் கெடுத்த மாதிரி நஷ்டம் இல்லை. பிரிக்கப் பயப்படாதவர்தான் சீக்கிரம் கற்றுக் கொள்கிறார்.

போர்வையின் அருமை

ஒரு சதுரத்தை வைத்துக் கொண்டு என்ன செய்வது?

2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் கடலூர் மாவட்டம் பெரு வெள்ளத்தில் தவித்தது. நனைந்த துணியோடு வீட்டை விட்டு வந்தவர்களுக்கு உடனே வேண்டியது சோறு. அடுத்தது, குழந்தைக்குப் போர்த்த ஒரு காய்ந்த துணி. போர்வையின் அருமை அப்போது தெரிந்தது.

அடுத்த மாதமே, 2016 ஜனவரி 31-ந் தேதி, சென்னையில் ஓர் அதிசயம் நடந்தது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவின் பெண்கள், தனித்தனியே வீட்டில் பின்னியதை ஒன்றாக இணைத்தார்கள். அதன் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். ஏறத்தாழ 2¾ ஏக்கர்! உலகிலேயே பெரிய குரோஷா போர்வை என்று அன்று கின்னஸ் சாதனை ஆயிற்று.

அதில் பின்னிய ஒவ்வொருவரும், ஒரு காலத்தில் முதல் சங்கிலியில் தடுமாறியவர்தான்.

விற்பதானால்...

ஆந்திராவில், கோதாவரிக் கரையில் உள்ள நரசாபுரத்தில், பல தலைமுறைகளாகப் பெண்கள் குரோஷா லேஸ் பின்னுகிறார்கள். 2024-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பே, 1982-ல், மரியா மீஸ் என்ற ஜெர்மன் பெண் அறிஞர் அவர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 'வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வதுதானே' என்று சொல்லியே கூலியைக் குறைக்கிறார்கள் என்று அதில் எடுத்துக் காட்டினார்.

எனவே பின்னியதை விற்கிறவர்கள், நூல் விலையோடு நிறுத்தக் கூடாது. எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் எழுதி வைத்து, அதையும் சேர்த்தே விலை சொல்ல வேண்டும்.

தினம் ஒன்று

நான்கு சுற்றுச் சதுரம் ஏறத்தாழ 4 அங்குலம் வரும். 10 வரிசை, வரிசைக்கு 10 என்று 100 சதுரங்களைத் தைத்து இணைத்தால், 40 அங்குலப் போர்வை. ஒரு குழந்தைக்குத் தாராளமாகப் போதும்.

தினம் ஒரு சதுரம் வீதம் 100 நாள். ஆடி முதல் தேதி ஊசியை எடுத்தால், ஐப்பசி அடைமழை கொட்டும்போது போர்வை கையில் இருக்கும்!