‘நீ நம்ம ஆளுடா’: இதை முதலில் சொல்வது ஆசிரியரா, கும்பலா?

பிரிக்பீல்ட்ஸில் தமிழ்ப்பள்ளி முடித்த பையன் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான். பாடமொழி மலாய். பெயர் சொல்லிக் கூப்பிட்ட டீச்சரும் கூட வரவில்லை. இங்கேதான் கதை மாறலாம்.

ஏன் கவலை?

2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அதன் கணக்கில் 40,313 உறுப்பினர்களில் 28,926 பேர் இந்தியர்கள். மக்கள்தொகையில் நாம் சுமார் 7 விழுக்காடுதான்.

ஆசிரியருக்கு என்ன சம்பந்தம்?

‘இவன் பிரச்சினைக்காரன்’ என்று பேர் விழுந்துவிட்டால், பையன் மட்டம் போடுவான். எச்சரிக்கைக் கடிதங்கள் வரும். கடைசியில் பள்ளியே இருக்காது. பகல் முழுக்க சும்மா இருக்கிறவனை யார் கூப்பிடுவார்கள்? உங்களுக்கே தெரியும்.

ஆதாரம் இருக்கா?

அமெரிக்காவில் கறுப்பின மாணவர்கள் மீதும் இந்த முத்திரை விழுகிறது. கலிஃபோர்னியாவின் 5 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. தண்டிக்கும் முன் மாணவரின் பக்கத்தைக் கேட்பது பற்றி கணித ஆசிரியர்கள் சிலருக்குச் சிறு ஆன்லைன் பயிற்சி தரப்பட்டது. அவர்களின் மாணவர்களில் இடைநீக்கம் ஆனவர்கள் 4.8 விழுக்காடு. அந்தப் பயிற்சி பெறாதவர்களிடம் 9.6.

அது மட்டும் போதுமா?

போதாது. வீட்டு வறுமையை ஓர் ஆசிரியரால் தீர்க்க முடியாது. ஆனால் ‘நேத்து ஏன் வரல, சாப்பிட்டியா?’ என்று கேட்க முடியும்.

உங்கள் தம்பி மட்டம் போடுகிறானா? முதல் கடிதம் வந்ததுமே வகுப்பாசிரியரையோ ஆலோசக ஆசிரியரையோ நேரில் பாருங்கள். தாலியான் காசே 15999-க்கும் அழைக்கலாம்.